பின்னால் மட்டும் அகலம் வேண்டாம்

மருதானையில் பஞ்சிகாவத்தை இருக்கும்வரை கொழும்பில் ஒரு காருக்கு எந்த உதிரிப்பாகமும் கிடைக்காமல் போகாது. அந்தக் கடை வரிசைகளுக்கு நடுவே கூரை மடிக்கும் இருவர் கார் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால் கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் இதுதான்: "பின்னுக்குக் கொஞ்சம் அகலமாப் போடுங்கோ." ரிம் விற்பவர் சொல்வார், கராஜ் பாஸ் சொல்வார், பக்கத்தில் நின்று பார்க்கும் நண்பரும் தலையாட்டுவார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கார்ப் பிரியர்கள் கூடுகிற இடங்களில் இது விவாதத்துக்கே வராத உண்மையாக நிற்கிறது. நான் அதை மறுக்கிறேன்.

முதலில் அந்த வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைப்போம். இவ்வகைக் கார்களில் என்ஜினின் விசை பின்சில்லுகளுக்குப் போகிறது. அதனால் பிடிமானம் பின்னால்தான் அதிகம் தேவை. டயர் அகலமானால் றோட்டைத் தொடும் ரப்பர் கூடும், ரப்பர் கூடினால் பிடி கூடும். போர்ஷேயிலும் ஃபெராரியிலும் பின் டயர் முன் டயரைவிட அகலம்; அந்தக் கம்பனிகளின் பொறியியலாளர்கள் காரணமில்லாமல் அப்படிச் செய்வார்களா? கடைசியாக, பின்னால் அகன்று நிற்கும் கார் பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது. இந்த நான்கு காரணங்களில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் இந்தக் கருத்து இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கூரை திறக்கும் இருவர் கார்களில் உலகில் மிக அதிகமாக விற்றது மாஸ்டாவின் எம்எக்ஸ்-5. 1989 இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வந்தது. 2016 இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. முதல் தலைமுறைக் காரின் எடை ஏறத்தாழ 950 கிலோ. என்ஜின் 1.6 லீற்றர், 120 குதிரைவலு. எடை முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. நான்கு சில்லுக்கும் ஒரே டயர்: 185/60, 14 அங்குலம். அகல டயர் ஆலோசனையின் சரி பிழையை இப்படிப்பட்ட ஒரு காரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஐந்நூறு குதிரைவலுக் காரின் நியாயம் இதற்குப் பொருந்தாது.

அகலம் கூடினால் றோட்டைத் தொடும் பரப்புக் கூடும் என்ற முதல் நம்பிக்கையிலேயே கணக்குப் பிசகுகிறது. ஒரு சில்லின் மேல் ஏறத்தாழ 260 கிலோ சுமை இருக்கிறது. இந்தக் காருக்கு மாஸ்டா சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. காரைத் தாங்குவது பெரும்பாலும் அந்தக் காற்றே என்பதால், சுமையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் றோட்டைத் தொடும் பரப்பு ஓரளவுக்குத் தெரிந்துவிடும்: சுமார் 140 சதுர சென்ரிமீற்றர், ஒரு உள்ளங்கையளவு. 185 டயரை எடுத்துவிட்டு 225 டயரைப் போட்டாலும் சுமை அதே, காற்றும் அதே. ஆகவே பரப்பும் ஏறத்தாழ அதேதான். மாறுவது அதன் வடிவம். முன்பு நீளமாக இருந்த தடம் இப்போது குறுகி அகன்றுவிடுகிறது.

வடிவம் மாறுவதால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. குறுகி அகன்ற தடம் வளைவில் குறைவாக நெளியும், சூட்டைப் பரவலாகத் தாங்கும். காய்ந்த றோட்டில் பக்கவாட்டுப் பிடி உண்மையாகவே கொஞ்சம் கூடும். ஆனால் அந்தக் கூடுதல் பிடி எந்த அச்சுக்குக் கிடைக்கிறது, மற்ற அச்சு அப்போது என்ன செய்கிறது என்பதைக் கடைவாசலில் யாரும் கேட்பதில்லை. முழுப் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் விசைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்த என்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 136 நியூட்டன் மீற்றர். இரண்டாவது கியரின் விகிதம் 1.888, பின் அச்சின் விகிதம் 4.3. மூன்றையும் பெருக்கி, சில்லின் ஆரமான 0.28 மீற்றரால் வகுத்தால் பின்சில்லுகள் இரண்டும் சேர்ந்து றோட்டைத் தள்ளும் விசை சுமார் 3,900 நியூட்டன். சாரதி ஏறியிருக்கும்போது பின் அச்சின் மேல் ஏறத்தாழ 5,000 நியூட்டன் சுமை இருக்கும். காய்ந்த தார் றோட்டில் நல்ல டயர் அதில் பத்தில் ஒன்பது பங்கு விசையைத் தாங்கும். வேகம் எடுக்கும்போது எடை பின்னுக்குச் சாய்வதால் இன்னும் கூடத் தாங்கும். ஆக, இரண்டாவது கியரில் கால் முழுவதையும் அழுத்தினாலும் கம்பனி டயரே அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, நான்காவது கியர்களில் விசை இன்னும் குறைவு. முதல் கியரில் கிளச்சைச் சட்டென்று விட்டால் மட்டும் சில்லுச் சுழலும். காலி வீதியின் தொடக்கத்தில் வரும் அந்த இரண்டு விநாடிக்காக ஒரு காரின் குணத்தையே மாற்றுவது நியாயமில்லை.

இனி அச்சுக்களின் கதை. கார் வளைவில் திரும்பும்போது ஒவ்வொரு டயரும் அது பார்த்திருக்கும் திசைக்குச் சற்று விலகித்தான் உருளும். அந்தச் சிறு நழுவலில்தான் பக்கவாட்டுப் பிடியே பிறக்கிறது. முன் டயருக்கும் பின் டயருக்கும் அந்த நழுவல் ஏறத்தாழச் சமமாக இருந்தால் கார் சாரதி கேட்டபடி திரும்பும். பின் டயரை மட்டும் அகலமாக்கினால் பின்னால் நழுவல் குறைந்துவிடும், முன்னால் அப்படியே இருக்கும். அதே வளைவை எடுக்க ஸ்டியரிங்கை இன்னும் கூடத் திருப்ப வேண்டிவரும். பிடிமானத்தின் எல்லைக்கு முன் டயர்கள் முதலில் போய்ச் சேரும். அந்த இடத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வளையாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். வளைவை எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதைப் பலவீனமான அச்சுத்தான் தீர்மானிக்கிறது. பின் அச்சுக்குப் பிடியைக் கூட்டி, முன் அச்சை அப்படியே விட்ட கார் வளைவில் முன்பைவிட வேகமாகப் போவதில்லை. முன்பைவிட மந்தமாகத் திரும்புகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. முன்பக்கம் தள்ளுவது பாதுகாப்புத்தானே, பின்பக்கம் திடீரென்று சுழன்று வருவதைவிட நல்லதுதானே என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். பெரும்பாலான சாரதிகளுக்கு அது நல்லதுதான். அதனால்தான் கார்க் கம்பனிகள் ஆரம்பத்திலேயே அந்தக் குணத்தை ஓரளவு ஊட்டி அனுப்புகின்றன. ஸ்பிரிங், முறுக்குக் கம்பி, சில்லுகளின் கோணம், டயர் எல்லாவற்றையும் சேர்த்துப் பரிசோதித்து வைத்த அளவு அது. அதன் மேல் நாம் இன்னொரு அளவை ஏற்றினால் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை. நுவரெலியா ஏறும் றோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கமாக வளையும் கார் முன்பக்கம் தள்ளினால் அது போய்ச் சேரும் இடம் எதிரே இறங்கி வரும் பஸ்ஸின் பாதை. தள்ளுவது என்பதற்கு மலைநாட்டில் அதுதான் அர்த்தம்.

பாதுகாப்பு வாதத்தை மழை இன்னும் பலமாக உடைக்கிறது. கொழும்பில் தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி மழையிலும் றோட்டில் தண்ணீர் நிற்காத வாரம் குறைவு. டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை நாசா ஆய்வாளர்கள் 1960களில் விமானச் சில்லுகளை வைத்து அளந்தார்கள். காற்றழுத்தம் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறைகிறது என்பது அவர்களின் முதல் முடிவு. தடம் குறுகி அகன்றால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவானது. அவர்களின் பழைய சூத்திரத்தில் 26 பிஎஸ்ஐயைப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றர் வருகிறது. தண்ணீர் ஆழமாக நின்று, டயரின் பள்ளங்கள் தேய்ந்து போயிருந்தால் எதிர்பார்க்க வேண்டிய எல்லை அது. தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 100.

நேராக ஓடும்போது முன் டயர் தண்ணீரை விலக்கிப் போட்ட தடத்தில்தான் பின் டயர் வருகிறது. இரண்டும் ஒரே அகலமானால் பின் டயருக்கு ஓரளவு துப்புரவான பாதை கிடைக்கிறது. பின் டயர் மட்டும் அகன்றிருந்தால் அதன் ஓரங்கள் யாரும் விலக்காத தண்ணீரில் ஏறுகின்றன. எடை குறைந்த காரின் பின்பக்கத்தில் அந்த அகன்ற டயர்தான் முதலில் மிதக்கும். காய்ந்த றோட்டில் முன்பக்கம் தள்ளும் காராக நமக்குப் பழகியது, மழையில் பின்பக்கம் சுழலும் காராகிவிடுகிறது. ஒரே காருக்கு இரண்டு எதிரெதிர்க் குணங்கள் வருவதைவிட ஆபத்து வேறில்லை. பாதுகாப்பின் பெயரால் அகல டயரை விற்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

போர்ஷேக்கு வருவோம். 911 இன் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது; காரின் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்குக் கிட்ட பின்னால் விழுகிறது. அந்தக் காருக்குப் பின்னால் அகல டயர் வேண்டும். அப்படியிருந்தும் 1960களின் 911 நான்கு சில்லுக்கும் ஒரே அளவோடுதான் வந்தது. 210 குதிரைவலுக் கொண்ட 1973 கரேரா ஆர்எஸ் 2.7 இல்தான் முன்னால் 6 அங்குலம், பின்னால் 7 அங்குலம் என்று ரிம் பிரிந்தது. எடையும் விசையும் எங்கே போகின்றனவோ அங்கே அகலம் போனது. பாதிக்குப் பாதி எடை கொண்ட 120 குதிரைவலுக் காருக்கு அதே முடிவைத் தூக்கி வருவது அந்தப் பொறியியலாளர்களைப் பின்பற்றுவதாகாது. அவர்கள் போட்ட கணக்கைப் போடாமல் விடையை மட்டும் பார்த்து எழுதுவதாகும்.

எனக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சாட்சி ஹொண்டா எஸ்2000. அதுவும் கூரை திறக்கும் கார்தான், பின் இழுவைதான், எடையும் பாதிக்குப் பாதிதான். 1999 இல் வந்தபோதே முன்னால் 205, பின்னால் 225. பின்பக்கம் எல்லையில் திடீரென்று விட்டுவிடுகிறது என்ற குறை எழுந்த பின், 2004 மாதிரியில் ஹொண்டா பின் டயரை 245 ஆக்கியது. அகலக் கட்சிக்காரர்கள் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். ஹொண்டா அங்கே நிறுத்தவில்லை. முன் டயரையும் 215 ஆக்கியது. நான்கு ரிம்மையும் 16 அங்குலத்திலிருந்து 17 க்கு ஏற்றியது. ஸ்பிரிங், ஷொக் அப்சோபர், பின் சில்லு அசையும் வடிவியல் எல்லாவற்றையும் திருத்தியது. அந்தக் காரின் என்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுற்றி 240க்கும் மேற்பட்ட குதிரைவலுத் தருவது. அந்த அளவு வேலையில் பின் டயர் ஒரு பகுதி மட்டுமே. பஞ்சிகாவத்தையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு ரிம் வாங்கிப் பூட்டுவது அதற்குச் சமானமாகாது.

மறுபக்கம் மாஸ்டாவைப் பாருங்கள். நான்கு தலைமுறை எம்எக்ஸ்-5 வந்துவிட்டது. இன்றைய 2 லீற்றர்க் காருக்கு 184 குதிரைவலு. அதற்கும் நான்கு சில்லுக்கும் ஒரே அளவு, 205 தான் அகலம். பின் டயரை அகலமாக்கினால் கார் இன்னும் எடுப்பாக விற்கும் என்று மாஸ்டாவின் விற்பனைப் பிரிவுக்குத் தெரியாமலிராது. குதிரையும் சவாரிக்காரனும் ஓருடல் என்பதுதான் 1989 முதல் அந்தக் காரின் மந்திரம். அதைக் காப்பாற்ற முன்பின் சமநிலையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 2012 இல் வந்த டொயோட்டா 86 இன்னும் ஒரு படி மேலே போனது. 200 குதிரைவலு, பின் இழுவை, நான்கும் 215. அதுவும் பிரியஸ் காருக்குக் கொடுக்கப்பட்ட அதே வகை மிஷலின் டயர். குறைந்த பிடியில் கார் சாரதியோடு பேச வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே எடுத்த முடிவு அது.

கூரை இல்லாத கார் என்பதற்கும் தனிக் காரணம் உண்டு. சாதாரணக் காரில் கூரை உடலைக் கட்டி வைக்கிறது. கூரை போனால் அடித்தளம் மட்டுமே முறுக்கைத் தாங்க வேண்டும். அகன்ற ரிம்மும் டயரும் பாரம் கூடியவை. அவற்றோடு வரும் தட்டையான பக்கச்சுவர் குழியின் அடியை மெத்தாக்காமல் அப்படியே உடலுக்குக் கடத்தும். தோண்டி மூடிய தழும்புகள் நிறைந்த கொட்டாஞ்சேனைத் தெருக்களில் அந்தக் கார் ஓடும்போது முன்கண்ணாடிச் சட்டமும் கதவும் நடுங்குவது இருக்கையிலேயே தெரியும். பல வருடம் அப்படி ஓடினால் கதவுப் பொருத்தம் தளரும், ஹூட் மூடும் விளிம்பில் நீர் கசியும். திறந்த காருக்கு மெத்தான, பாரம் குறைந்த டயரே தேவை.

பூட்டும் வேலையின் சேதத்தையும் சொல்ல வேண்டும். அகல ரிம் உள்ளே ஷொக்கிலோ வெளியே மட்கார்ட்டிலோ உரசும். உரசாமல் இருக்க ஸ்பேசர் வைப்பார்கள். சில்லு வெளியே தள்ள, பெயரிங்கின் மேல் நெம்புவிசை கூடும். அல்லது மட்கார்ட்டின் உள்விளிம்பைத் தட்டி மடிப்பார்கள். மடிக்கும்போது உள்ளே பெயின்ற் வெடிக்கும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு அருகே கார் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்று தகட்டை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. பின் மட்கார்ட் விளிம்பு ஏற்கனவே முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 துருப்பிடிக்கும் இடம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இந்த நாட்டில் ஒரு பழைய திறந்த காரின் அசல் தகடு எவ்வளவு அரிது என்பதை அந்த ஐந்து வருடங்கள் நமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

செலவிலும் தோல்விதான். நான்கும் ஒரே அளவானால் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பூட்டி நான்கையும் சமமாகத் தேய வைக்கலாம். இரண்டு அளவானால் அது முடியாது. பின் இரண்டும் முதலில் தேயும். அந்த நேரம் கடையில் அந்த அளவு இருக்காது. இருப்பது வேறு கம்பனியின் டயராக இருக்கும். முன்னால் ஒரு ரப்பர், பின்னால் இன்னொரு ரப்பர், இரண்டுக்கும் வெவ்வேறு வயது. ஒரு காரின் சமநிலையைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அழகு வாதத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. காரை நேசிப்பவனுக்கு அதன் தோற்றம் முக்கியம். ஆனால் இந்த வகைக் காரின் அழகு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1962 இல் பிறந்த லோட்டஸ் ஏலானும் எம்ஜிபியும் இன்றும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கின்றன. இரண்டும் நான்கு ஒரே அளவான, ஒடுங்கிய டயர்களில் நிற்பவை. மாஸ்டாவின் பொறியியலாளர்கள் எம்எக்ஸ்-5 ஐ வரைந்தபோது ஏலானைத்தான் முன்னால் வைத்திருந்தார்கள். சிறிய உடலுக்கு அளவான சில்லு என்பதே அந்த அழகின் விதி. பின்னால் மட்டும் அகலத்தை ஏற்றினால் அந்த விதி முறிகிறது. காரின் பின்புறம் அதற்கில்லாத விசையைப் பறைசாற்றுகிறது.

என்ஜினை மாற்றியோ டேர்போ பூட்டியோ விசையை இரட்டித்தவருக்கு என் வாதம் அப்படியே பொருந்தாது. அவருக்குப் பின்னால் அகலம் தேவைப்படலாம். அப்போதும் ஸ்பிரிங்கும் சில்லுக் கோணமும் சேர்த்து மாற வேண்டும். மற்றவர்கள் எல்லாரும், அதாவது இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர், அதே காசை வேறு விதமாகச் செலவழிக்கலாம். நான்கும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி, ஒரே வயதுள்ள புது டயர் வாங்குங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 14 அங்குலத்தில் நல்ல டயர் கிடைக்காவிட்டால் நான்குக்கும் 15 அங்குல ரிம்மும் 195/50 டயரும் போடுங்கள். வெளிவிட்டம் ஏறத்தாழ மாறாது, மீற்றரும் பொய் சொல்லாது. அகலம் வேண்டும் என்ற ஆசை அடங்காவிட்டால் நான்கையும் அகலமாக்குங்கள். மிச்சக் காசில் காய்ந்துபோன புஷ்களையும் ஷொக்குகளையும் மாற்றி, நான்கு சில்லுக்கும் அலைன்மென்ட் பாருங்கள். இருபத்தைந்து வருடம் ஓடிய காரில் பின்பக்கம் அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் கிடக்கிறது.

பஞ்சிகாவத்தையில் வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. ஒரு பழைய பெயரிங்கின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சில்லு என்று சொல்லிவிடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் இந்த ஒரு விஷயத்தில் வாடிக்கையாளரின் ஆசைக்கு இணங்கிப் போகக் கூடாது என்பதே என் வேண்டுகோள். "பின்னுக்கு எவ்வளவு அகலம் போகும்?" என்று ஒரு பெடியன் வந்து கேட்டால், "முன்னுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். நான்கு சில்லையும் ஒன்றாக வைத்து யோசிக்காமல் இரண்டு சில்லுக்குப் பதில் சொல்ல முடியாது என்பது அந்தக் கேள்வியிலேயே அவனுக்கு விளங்கிவிடும்.